விரல் வைத்த இடம்

ஷுவைக் கடைக்குள் அது நுழையவில்லை.
ஆறங்குலம் தூக்கிக் கட்டிய பிக்கப்,
முப்பத்தேழு அங்குல டயர்.
ஷட்டரைக் கடைசிவரை ஏற்றியும்
கூரை விளக்கு இடித்தது.
வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன்.
மே மாதம், பதினொரு மணி,
ஜாக்கியின் காலைத் தார் கவ்விக்கொண்டது.

மிஷாரி இறங்கியதும் சொன்னது ஒன்றுதான்:
டேம்பரை மாற்று.
மூன்று மாதத்தில் இது நாலாவதாக இருக்கும்.
கடைசியாகப் போட்டது மஞ்சள், இரட்டைக் குழாய்,
நாற்பத்தெட்டு தினார்.

ஓட்டி வந்தவர் சீட்டைவிட்டு இறங்கவில்லை.
பெயர் கேட்டேன். சவரிமுத்து.
ஊர் தொண்டிக்குத் தெற்கே.
பிப்ரவரியில், பாலைவனக் கூடாரத்திலிருந்து திரும்புகையில்,
சால்மி ரோட்டில், நூற்றுப்பத்தில்,
பாலத்தின் இரும்பு இணைப்பில் சக்கரம் ஏறியது,
அவ்வளவுதான் அண்ணே.
ஸ்டீயரிங் கைக்குள் நிற்கவில்லை.
முறத்தில் உளுந்து மாதிரி நாங்கள்.
பின்சீட்டில் அவர் மகள்கள் இரண்டு பேர்.
அறுபதுக்கு இறங்கின பிறகுதான்
அடங்கியது.

வண்டிக்கு ஒன்றுமில்லை,
இவன் கைதான் நடுங்குகிறது
என்று வீட்டில் முடிவானது.
கிளினிக்கில் டாக்டர்
கைகளை நீட்டச் சொல்லி
மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தார்.
தாள் அசையவில்லை.
தாளுக்கும் டாக்டருக்குமான காசைச்
சம்பளத்தில் பிடித்தார்கள்.

டேம்பர் என்பது
அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தும் கை.
முதலில் அந்தக் கையை எடுத்தேன்.
டயரில் காற்று சரி. பாலன்ஸ் சரி.
முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினேன்:
பால் ஜாயிண்ட் பதில் சொல்லவில்லை.
டை ராட் முனை லேசாகத் தளர்ச்சி,
ஆனால் இத்தனை ஆட்டத்துக்கு அது போதாது.

பிறகு இறக்கிவிட்டேன்.
தூக்கி வைத்த வண்டி பொய் சொல்லும்.
சொந்தப் பாரத்தில் நிற்க வேண்டும்,
இஞ்சின் ஓட வேண்டும்.
மேலே சவரிமுத்து,
கடிகாரத்தில் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே
ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும்.
கீழே நான்,
ஏசிப் பெட்டியின் அட்டையை விரித்து மல்லாந்து,
ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்து.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.
விரலுக்குத் தெரிந்தது.
ட்ராக் பாரின் சேசிஸ் முனை.
டக்.
புது பாருக்குப் பழைய போல்ட்டையே
போட்டு அனுப்பியிருக்கிறான் தூக்கிக் கட்டியவன்.
போல்ட் மெலிசு, ஓட்டை பெரிசு.
ஓடி ஓடி, வட்டம் முட்டையாகிவிட்டது.
ஒரு நகக்கண் அளவுதான்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
மிஷாரியைக் கீழே கூப்பிட்டேன்.
கஞ்சி போட்ட தன் வெள்ளை அங்கியைப் பார்த்தார்,
அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
படுத்தார்.
அவர் விரலைப் பிடித்து
பாதி போல்ட்டிலும் பாதி பிராக்கெட்டிலும் வைத்தேன்.
திருப்பு சவரிமுத்து என்று கத்தினேன்.

டக்.
விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.
பிறகு அவராகவே மறுபடி வைத்தார்.
இன்னொரு தடவை, என்றார்.
இன்னொரு தடவை.
மேலே இருந்தவருக்கு ஏனென்று தெரியாது,
திருப்பிக்கொண்டே இருந்தார்.

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு
எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார்.
பிடித்த காசு திரும்பியதா, எனக்குத் தெரியாது.

கனத் தகடு பற்றவைத்து, அளவான ஓட்டை போட்டு,
சரியான போல்ட்டைப் பாரத்தில் நிறுத்தி முறுக்கி,
சாயங்காலம் அதே பாலத்துக்குப் போனோம்,
நானும் அவரும்.
டேம்பர் இல்லாமல். நூற்றுப்பத்து.
இரும்பு இணைப்பு தட்டென்றது.
அதற்குப் பிறகு ரோடு.
வெறும் ரோடு.

நான் அந்த போல்ட்டை முறுக்கியதைவிட இறுக்கமாக
ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார் சவரிமுத்து,
அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்.
விடச் சொல்லவில்லை.
விரல் முட்டிகள் வெளுத்திருந்தன,
ஒன்றுகூட நடுங்கவில்லை.